முசுறு: இனங்காண்பதில் தொடங்கித் துவையல் வரை

எங்கள் விளையில் (தோட்டத்தில்) நிற்கும் மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு என்ற எறும்பைப் பிடித்து அரைத்த துவையல், பல குளறுபடிகளைத் தாண்டி, சென்ற கோடையில் சோற்றில் பிசைந்து உண்ணும் தரத்துக்கு வந்தது. அரைப்பது கால் மணி நேர வேலை. எது முசுறு, எந்தக் கூட்டில் புழு இருக்கிறது, எந்தக் கூட்டைத் தொடக்கூடாது என்று அறிந்துகொள்வதற்கே பெரும்பகுதி உழைப்பு போயிற்று என்பதால், இந்தப் பதிவிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மா, பலா, கொல்லா (முந்திரி), கொஞ்சம் கிராம்பு என்று கலந்து நிற்கும் சிறிய விளை எங்களுடையது. பழம் பறிக்க மரம் ஏறுகிறவர்களைக் கடித்து இறக்கிவிடும் எறும்பு என்ற அளவில்தான் முசுறு இங்கே அறிமுகம். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இதே எறும்பு சந்தையில் விற்கிற உணவுப் பொருள். அங்கே அரைக்கப்படும் 'காய்' சட்னிக்கு 2024 சனவரியில் புவிசார் குறியீடும் கிடைத்தது. சத்தீசுகரின் பஸ்தரில் 'சாப்டா' என்றும், கர்நாடகத்தின் மலைநாட்டில் 'சிகளி' என்றும் இது அம்மியேறுகிறது. பக்கத்து வீட்டுமனையில் கட்டட வேலைக்கு வந்திருந்த மயூர்பஞ்ச் இளைஞர் ஒருவர் எங்கள் மாமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதை நீங்க சாப்பிட மாட்டீங்களா?" என்று கேட்டதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

நூல்களில் இதன் பெயர் ஈகோஃபில்லா ஸ்மரக்டினா. 1775இல் ஃபாப்ரீசியஸ் விவரித்த இனம். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வயிறு பச்சையாகவும் நம் பக்கத்தில் உடல் முழுவதும் செம்மஞ்சளாகவும் இருக்கும். ஆகவே படங்களை வைத்து நிறம் ஒப்பிடுவதில் அதிகப் பயன் இல்லை.

இனங்காணப் பயன்படுத்தியவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்சு (350 ரூபாய்), மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாள், கூர்முனை இடுக்கி (60 ரூபாய்), மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பிகள், வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, நீல லிட்மஸ் தாள் ஒரு கட்டு. உயிருள்ள முசுற்றை லென்சுக்குக் கீழே நிறுத்த முடியாது; குப்பியோடு குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அசைவு அடங்கிவிடும், வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகப் பார்க்கலாம். உறைய வைத்துக் கொல்லத் தேவையில்லை. பார்த்து முடித்ததும் அதே மரத்தில் விட்டுவிடலாம்.

முதலில் மரத்தூரில் ஏறி இறங்கும் எறும்புகளைக் குப்பியில் பிடித்து அளந்தேன். எல்லாம் 8 முதல் 10 மில்லிமீட்டருக்குள் ஒரே அளவாக இருந்தன. இந்த இனத்தில் பணியாளர்கள் இரு அளவினர், சிறியவை பெரியவற்றில் பாதியளவே இருக்கும் என்பது முக்கிய அடையாளம். என் குப்பியிலோ சிறியது ஒன்றுகூட இல்லை. இது வேறு இனமோ என்று ஐயுற்று வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்திருந்தேன். கேள்வி கேட்ட அந்தத் தம்பியிடம் சொன்னபோது, "தூர்ல தேடாதீங்க அண்ணா, கூட்டைப் பிரிச்சுப் பாருங்க" என்றார். கைக்கெட்டும் உயரத்தில் இருந்த சிறு கூட்டின் ஓர் இலையை விலக்கியதும், புழுக்களுக்கு நடுவே வெளிறிய நிறத்தில் சிறிய பணியாளர்கள் ஓடின. இரை தேடுவதும் காவல் நிற்பதும் பெரியவற்றின் வேலை. சிறியவை கூட்டுக்குள்ளேயே புழுக்களைப் பேணிக்கொண்டிருக்கும். தூரில் எத்தனை பிடித்தாலும் அவை சிக்கப்போவதில்லை.

லென்சில் பார்க்க வேண்டிய இடம் மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட இடுப்பு. முசுற்றுக்கு அங்கே ஒரே கணு. அதுவும் மேடாக நிமிர்ந்திராமல் நீண்டு தாழ்ந்த தண்டுபோல் இருக்கும். மார்பின் நடுப்பகுதி ஒடுங்கியிருப்பதால் முன்புறம் தனிக் கழுத்து இருப்பதாகத் தோன்றும். தொந்தரவு செய்தால் வயிற்றை உயர்த்தி முதுகுக்கு மேலே கொண்டுவந்து நிற்கும். கொடுக்கு கிடையாது. தாடையால் கடித்து, கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவதால்தான் அந்த எரிச்சல். இடுக்கியால் வயிற்றை மெல்ல அழுத்தினால் நுனியிலுள்ள வட்டத் துளை வழியாக ஒரு துளி வெளிப்படும். அதைத் தொட்ட நீல லிட்மஸ் உடனே சிவந்தது.

லிட்மஸ் சோதனை கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன், பாதிதான் கைகொடுத்தது. விளையில் பலாமரத்தடிச் சருகுக்குள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இன்னோர் எறும்பு ஏராளமாக இருந்தது. அதுவும் லிட்மஸைச் சிவப்பாக்கியது, அதற்கும் இடுப்பில் ஒரே கணு, கால்களும் நீளம். அது மஞ்சள் பைத்தியக்கார எறும்பு. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடைகளுக்கும் மக்களுக்கும் பெருந்தொல்லை தந்ததாகச் செய்திகளில் வந்த அதே இனம். அதுவும் அமிலம் பீய்ச்சும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தாளில் வைத்து அளந்தபோது வேறுபாடு தெளிந்தது: அவை எல்லாம் 4 முதல் 5 மில்லிமீட்டர், இரு அளவு கிடையாது, இடுப்புக் கணு நிமிர்ந்து நிற்கிறது, திசை தெரியாதது போல் அங்குமிங்கும் வளைந்து ஓடுகின்றன, இலையைச் சேர்த்துக் கூடு கட்டுவதே இல்லை. கொட்டும் நெருப்பெறும்பைப் பிரிப்பது இதைவிட எளிது. அதற்கு இடுப்பில் இரண்டு கணுக்கள், கூடு மண்ணில். பட்டுப்போன கிளைத் துளைகளில் வாழும், தலையும் வயிறும் கறுத்து மார்பு மட்டும் சிவந்த நீள எறும்புக்கும் இரண்டு கணுக்கள் உண்டு. அதன் கொட்டு மிகக் கடுமையானது, வெறுங்கையால் தொடக்கூடாது.

தட்டில் கொட்டியவற்றில் ஒன்று மட்டும் விளிம்பிலிருந்து நூலில் தொங்கி இறங்கியது. எறும்பு நூல்விட்டு இறங்குமா என்று லென்சை வைத்துப் பார்த்தால் எட்டுக் கால்கள். முன்கால் இரண்டையும் உணர்கொம்பு போல் உயர்த்தி ஆட்டிக்கொண்டு முசுறாகவே நடிக்கும் குதிக்கும் சிலந்தி அது. முசுற்றின் நடுவே வாழும் இன்னொரு சிலந்தியும் உண்டு. வயிற்றின் பின்முனையில் இரு கரும்புள்ளிகளைக் கண்கள் போல் வைத்துக்கொண்டு முசுற்றையே பிடித்துத் தின்னும். உணவுக்குச் சேகரிப்பவர் தட்டில் கால் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு, லென்சே இல்லாமல் உறுதி செய்யக்கூடிய அடையாளம் கூட்டுக்குள் இருக்கிறது. மரத்தில் வாழும் பிற பெரிய எறும்புகள் பலவற்றில் கூட்டுப்புழு காகித நிறத்தில் ஓர் உறைக்குள் இருக்கும். முசுற்றின் கூட்டுப்புழு உறையின்றி, கால்களும் உணர்கொம்பும் மடிந்த வெள்ளை எறும்பாகவே தெரியும். உறை நெய்ய வேண்டிய பட்டிழையைப் புழுப்பருவத்திலேயே கூட்டுக்குக் கொடுத்துவிடுவதே காரணம். வரிசையாகப் பிடித்து நின்று இலை விளிம்புகளை இழுத்துச் சேர்க்கும் பணியாளர்களுக்கு இடையே, வேறு சில பணியாளர்கள் முற்றிய புழுவைத் தாடையில் கவ்விக்கொண்டு இந்த விளிம்பில் ஒரு முறையும் அந்த விளிம்பில் ஒரு முறையும் அதன் வாயைத் தொடவைத்து இழையை ஓட்டுவதை, கூட்டைக் கிழித்துவிட்டு அசையாமல் நின்றால் அரை மணி நேரத்துக்குள் கண்ணாலேயே பார்க்கலாம். இலை, வெண்பட்டுத் தையல், உறையற்ற கூட்டுப்புழு, இரு அளவுப் பணியாளர் ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால் அது முசுறு. வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை.

அடுத்தது கூடுகளைத் தரம் பிரிப்பது. ஒரே குடும்பம் பல மரங்களில் பல கூடுகள் வைத்திருக்கும். இலை பழுத்துக் காய்ந்த கூடு பெரும்பாலும் காலியாக இருக்கிறது. எல்லையோரக் கிளைகளில் இருக்கும் சிறு கூடுகளில் வயதான காவல் எறும்புகளே நிறைந்திருக்கும். அதை உலுக்கினால் கடி மட்டும் மிஞ்சும். பச்சை மாறாத இலை, புதிய வெண்மை மாறாத இழை, கிளையைத் தாழ்த்தும் கனம் இவை மூன்றும் உள்ள கூடு புழுக் கூடு. தொரட்டி நுனியால் கூட்டை ஒருமுறை தட்டினால் உள்ளிருந்து சருகின்மேல் தூறல் விழுவது போன்ற ஒலி வரும். ஒலி எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு எறும்பு. குடும்பத்துக்கு முட்டையிடும் இராணி பொதுவாக ஒன்றுதான். அது உள்ள கூட்டை எடுத்துவிட்டால் மரமே வெறிச்சோடும் என்பதால், உச்சிப் பகுதியில் எப்போதும் அதிக நடமாட்டமுள்ள கூடுகளைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எந்தெந்த மரம் ஒரே குடும்பத்துக்கு உரியது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு குச்சி போதும். ஒரு மரத்து முசுறுகள் சிலவற்றைக் குச்சியில் ஏறவிட்டு அடுத்த மரத்து வரிசையில் இறக்கினால், ஒரே குடும்பம் என்றால் உணர்கொம்பால் தொட்டுப் பார்த்துவிட்டு வழிவிடும். அயல் குடும்பம் என்றால் உடனே காலைக் கவ்வி இழுத்து விரித்துப் பிடித்துவிடும். அவ்வாறு பார்த்ததில், இரண்டு மாமரங்களும் நடுவிலுள்ள பலாவும் ஒரு குடும்பம், வேலியோரக் கொல்லாமரங்கள் தனிக் குடும்பம் என்று தெரிந்தது. கொல்லாமரத்தில் எடுக்கவில்லை. அவற்றை ஒட்டிய அடுத்த விளையில், கொல்லாவின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிக்கிறார்கள். எறும்பு வேலி பார்த்து இரை தேடுவதில்லை. அந்தக் கொசுவை முசுறே கட்டுப்படுத்தும் என்பது வேறு செய்தி. சீனத்தில் நாரத்தை வகைத் தோட்டங்களுக்காக முசுற்றுக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்று கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் குறிப்பு இருக்கும்போது, நம் ஆட்கள் மருந்து அடிப்பதற்காகவே முதலில் முசுற்றைக் கொல்கிறார்கள்.

பிடிக்கும் கருவியில்தான் அதிகம் அலைந்தேன். முதலில் தொரட்டியால் கூட்டை இழுத்துச் சாக்கில் விழவைத்தேன். சாக்கின் இழை இடைவெளி வழியாகச் சிறியவை வெளியேறின, பெரியவை தொரட்டிக் கம்பு வழியே கைக்கு வந்தன. அடுத்து மயூர்பஞ்ச் முறைப்படி, கூட்டைக் கிளையோடு வெட்டித் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினேன். எறும்பு பிரிந்து மிதக்கும், இலையையும் குப்பையையும் களைந்துவிடலாம், கடியும் குறைவு. ஆனால் மாமரத்தில் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு கிளை நுனி போகிறது. புழுக்களும் தண்ணீரில் ஊறிக் குழைந்து இலைத்துணுக்கோடு ஒட்டிக்கொண்டன. பெரிய சால மரக் காட்டில் எடுப்பவருக்கு அந்தக் கிளை ஒரு பொருட்டில்லை. நான்கைந்து மாமரம் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

கடைசியில் சரிவந்தது தாய்லாந்தின் ஈசான் பகுதியில் செய்யும் வகை. அங்கே கோடையில் முசுற்றுப் புழுவும் கூட்டுப்புழுவும் விலையுயர்ந்த பண்டம். நீண்ட மூங்கில் நுனிக்குச் சற்றுக் கீழே கூடையைக் கட்டித் தொங்கவிட்டு, கூர்முனையால் கூட்டைக் குத்தி உலுக்குகிறார்கள். கூட்டைக் கிளையோடு வெட்டுவதில்லை, கிழிந்த கூட்டை எறும்புகள் திரும்பக் கட்டிக்கொள்கின்றன. அதைப் பார்த்து, 4 மீட்டர் மூங்கில் கம்பின் நுனியைச் சீவி, அதற்கு 25 சென்டிமீட்டர் கீழே 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வளையத்தைக் கட்டினேன். வளையத்தில் நெருக்கமாக நெய்த காடாத் துணிப் பை, ஆழம் 40 சென்டிமீட்டர். கம்பி 80 ரூபாய், துணியும் தையற்கூலியும் 170 ரூபாய், மூங்கில் வீட்டிலேயே இருந்தது. பைக்குள் இரண்டு பிடி மரச்சீனி (மரவள்ளி) மாவு தூவினேன். மாவு காலடிப் பசையில் ஒட்டியதும் முசுறு வழுக்கி விழுகிறது, பையின் சுவரில் ஏற முடிவதில்லை. கம்பின் பிடிக்கு மேலே ஒரு முழ நீளத்துக்குத் துணி சுற்றி முகப்பூச்சு மாவைத் தடவினேன்; முழுவதும் தடுக்காவிட்டாலும் கைக்கு வந்து சேர்பவை வெகுவாகக் குறைந்தன. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கழுத்தில் துண்டு. கண்ணாடியைத் தவிர்க்கவே கூடாது. கூட்டுக்கு நேர் கீழே அண்ணாந்து நிற்பவரின் கண்ணில்தான் அமிலம் விழும்.

வெயில் ஏறுவதற்கு முன்பு எடுத்தால் எறும்பின் வேகம் குறைவு. பையில் விழுந்ததை மாவு தூவிய அகன்ற தட்டில் கொட்டி, இலையுள்ள சிறு கொம்புகளைச் சாய்த்து வைத்தேன். வளர்ந்த எறும்புகள் கொம்பில் ஏறும், ஏறியதும் மரத்தடியில் தட்டிவிடலாம் என்பது கணக்கு. ஏறும்போது ஆளுக்கொரு புழுவையும் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. கொம்பைத் தட்டுக்கு மேலேயே ஒருமுறை சுண்டிவிட்டால் பலவும் புழுவைப் போட்டுவிடும். பிறகு மரத்தடிக்குக் கொண்டுபோகலாம். மூன்று கூடுகளிலிருந்து சமையலறைத் தராசில் கிடைத்தது 90 கிராம் புழுவும் கூட்டுப்புழுவும், 50 கிராம் வளர்ந்த எறும்பு. அவற்றுள் சிறகு முளைத்த, பச்சை சாயல் கொண்ட, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமுள்ள இளம் இராணிகள் சில இருந்தன. அவற்றை மரத்திலேயே விட்டுவிட்டேன்.

சமையல். புழு மட்டும் மென்மையாகவும் கொழுப்புச் சுவையோடும் இருக்கிறது. புளிப்பு முழுவதும் வளர்ந்த எறும்பில்தான். முதலில் வாணலியில் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து மின் அம்மியில் அரைத்தேன். ஃபார்மிக் அமிலம் ஆவியாகிப் போய்விட்டது, சமையலறையில் நிற்க முடியாத நெடி. துவையலிலோ புளிப்பு இல்லாமல் புளி சேர்க்க வேண்டியதாயிற்று, தலை ஓடுகள் வேறு பல்லிடுக்கில் சிக்கின. சரிவந்த முறை வருமாறு: எறும்பையும் புழுவையும் மூடிய டப்பாவில் உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்துச் சல்லடையில் மாவு போக விரைவாகக் கழுவி, துணியில் ஒற்றி, குறைந்த தீயில் மூடி போட்டு இரண்டு நிமிடம் மட்டும் சூடாக்க வேண்டும். 50 கிராமுக்குக் காந்தாரி மிளகாய் ஆறு, பூண்டு ஐந்து பல், ஓர் அங்குல இஞ்சி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பையும் மிளகாயையும் முதலில் அம்மியில் மசித்து, எறும்பை அதன்மேல் வைத்துத் தண்ணீர் தெளிக்காமல் அரைக்க வேண்டும். கல்லில் அரைத்தால் ஓடு தெரியவில்லை. புளிப்பு எலுமிச்சையைவிடக் கூர்மையாகத் தொடங்கி விரைவில் அடங்குகிறது. அந்த மயூர்பஞ்ச் தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு, பூண்டு கூடிவிட்டது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எறும்பும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த ஒவ்வாமை உண்டு, அவர் தொடவில்லை. மற்றவர்களும் முதல்முறை ஒரு தேக்கரண்டிக்கு மேல் உண்ணவில்லை.

மாற்ற வேண்டியவை சில உள்ளன. காடாத் துணியில் மாவும் புழுவின் ஈரமும் சேர்ந்து பசையாகப் படிகிறது, அலசினாலும் போவதில்லை. உட்புறம் வழுவழுப்பான குடைத்துணியைத் தைத்துப் பார்க்கப்போகிறேன். வளையத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் மாங்கிளைகளுக்கு நடுவே நுழைப்பது எளிது. மரச்சீனி மாவு கழுவும்போது கூழாகிறது. பச்சரிசி மாவைச் சற்று வறுத்துத் தூவிப் பார்க்க வேண்டும். மரம் பூத்திருக்கும்போது எடுப்பதில்லை, ஒரு குடும்பத்தில் மூன்று கூட்டுக்கு மேல் எடுப்பதில்லை, எடுத்த கூட்டின் கிளையில் தேதி எழுதிய நாடா கட்டுவது என்ற மூன்றையும் இனி வழக்கமாக வைத்துக்கொள்வேன். நாடா கட்டிய கிளைகளில் இரண்டில் கூடு மீண்டும் கட்டப்பட்டுவிட்டது. மூன்றாவதில் கட்டாமல் ஒரு முழம் தள்ளி அடுத்த கொப்பில் புதிதாக இலைகளைச் சேர்த்திருக்கின்றன.